புதைத்த அட்டை

இறந்துபோன ஒருவரின் அட்டை கடந்த ஏழு மாதங்களில் ஏழு முறை சிப் அறையைத் திறந்திருக்கிறது என்று வெஸ்லி பிக்பாண்ட் சொன்னபோது, டெல்பின் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள்.

கீழே கேசினோ சமையலறையில் அன்று சுட்ட சால்மனும் சோளச் சூப்பும் இருந்தன. வாசம் மாடிப்படி ஏறி, கேசினோவை நடத்தும் பழங்குடியினர் அதைக் கண்காணிக்கத் தாங்களே வைத்திருந்த ஆணையத்தின் அறைவரை வந்தது. ஆனால் ஆணையத்தில் வேலை செய்பவர்கள் அந்தக் கட்டடத்தில் ஒரு காபிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. யாரைக் கண்காணிக்கிறோமோ அவர்கள் உப்பைத் தின்னக் கூடாது என்று அந்தக் குடியே தனக்கு எழுதிவைத்துக்கொண்ட சட்டம். அதனால் அவள் முந்தின நாள் மிஞ்சிய உருளைக்கிழங்கையும், பிக்பாண்ட் தன் குடுவையிலிருந்து ஆறிப்போன காபியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிக்பாண்ட் வாஷிங்டனில் இருக்கும் மத்திய ஆணையத்தின் தணிக்கை அதிகாரி. அவரும் பழங்குடிதான், ஓக்லஹோமாக்காரர். பருத்த உடம்பு, தணிந்த குரல். திங்கட்கிழமை அவர் வந்திறங்கியபோது வாசல் மேசையில் இருந்த பெண், "வாஷிங்டன்லேர்ந்து எங்களுக்கு நல்லது எதுவும் இதுவரைக்கும் வந்ததில்லையே" என்றாள். "எங்களுக்கும்தான் வந்ததில்ல. அதான் நான் ஓக்லஹோமா வழியா சுத்தி வந்தேன்" என்றார் அவர். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. டெல்பினுக்கும் பிடித்திருந்தது, இந்த வியாழக்கிழமை மதியம்வரை.

அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "அட்டை எண் 0417. லைசென்ஸ் வெச்சிருந்தவர் பேரு..."

"படிக்காதீங்க" என்றாள் டெல்பின்.

அவர் நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார். "எங்க பக்கமும் இது உண்டு. நாலு நாள்."

"எங்களுக்கு ஒரு வருஷம்."

"சரி. எண்ணையே சொல்றேன்."

அந்த எண்ணுக்கு உரியவன் டெல்பினின் அண்ணன். ஆட்ட மெஷின்களின் தலைமைப் பழுதுநீக்குபவன். போன செப்டம்பரில், மீன்கள் ஏறிவரும் பருவத்தில், வலைபோடும் மரமேடையிலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்தான். அவர்கள் குடியில் இறந்தவரின் பெயரை ஒரு வருடம் யாரும் வாயால் சொல்வதில்லை. போகிறவர் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், திரும்பிப் பார்த்தவருக்கு அப்புறம் வழி தெரியாது. வருடம் முடிந்ததும் விருந்து வைத்துப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அண்ணனின் விருந்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவள் குழந்தைகள்கூட அவனை 'அவங்க' என்றுதான் சொன்னார்கள்.

"செத்தவர் அட்டைய ரத்து பண்றதில்லையா நீங்க?" என்று பிக்பாண்ட் கேட்டார்.

"ரத்து பண்ணணும்னா ஆணையக் கூட்டத்துல பேர மூணு தடவ சத்தமா படிக்கணும். டேப்புல பதிவாகணும்."

"யாரு எழுதின சட்டம் அது?"

"நாங்கதான்."

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு தலைவர் தனக்கு வேண்டாதவர்களின் லைசென்ஸையெல்லாம் சத்தமில்லாமல் ரத்து செய்தார். அதற்கப்புறம் ஊர்கூடி எழுதிய விதி: எவன் பெயரை நீக்கினாலும் நாலு பேர் காதில் விழும்படி நீக்க வேண்டும். நல்ல விதிதான். எழுதும்போது யாரும் சாவை நினைக்கவில்லை. அதற்கும் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. லைசென்ஸ்காரர் இறந்தால் அட்டையை வாங்கி ஆணையத்தின் பெட்டகத்தில் வைத்துவிடுவார்கள், வருடம் முடிந்த மறுநாள் பெயரைப் படித்து ரத்து செய்வார்கள். அட்டை பெட்டகத்தில் இருக்கும்வரை அதற்கு உயிர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"உங்க பதிவேட்டுல இது பெட்டகத்துல இருக்குன்னு எழுதியிருக்கு" என்றார் பிக்பாண்ட். "உங்க கையெழுத்து. காலைல பெட்டகத்தத் திறந்து பாத்தேன். இல்ல."

டெல்பின் டப்பாவை மூடினாள்.

"எங்க இருக்கு அது?"

"மண்ணுக்குள்ள."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க சட்டைப்பையில வெச்சேன்" என்றாள். "நானேதான் வெச்சேன். சிப் அறை சாவி எங்க குடும்பத்துல மொத மொதல்ல அவங்களுக்குத்தான் கெடச்சது. பல்லு தேய்க்கும்போதுகூட கழுத்துல மாட்டியிருப்பாங்க. அதில்லாம அனுப்ப எனக்கு மனசு வரல."

பேசி முடித்தபிறகுதான் தான் சொன்னதன் பொருள் அவளுக்கே உறைத்தது. லைசென்ஸ் பிரிவின் ஆய்வாளர் அவள். மற்றவர்களின் பொய்யைப் பிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள். பதிவேட்டில் பொய் எழுதியிருக்கிறாள். அதுகூடப் பெரிதில்லை. குன்றின் மேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஆறடிக்குக் கீழே இருக்கிற அட்டை மாதம் ஒருமுறை எழுந்து வந்து கதவைத் திறந்திருக்கிறது. ஏழு தேதிகளையும் பார்த்தாள். எல்லாம் வெள்ளிக்கிழமை. எல்லாம் முற்பகல் பதினோரு மணி.

சிப் அறை என்பது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. ஒவ்வொரு ஆட்ட மெஷினுக்கும் மூளை போன்ற ஒரு சிப் உண்டு, ஆட்டக்காரன் எத்தனை முறை தோற்பான் எத்தனை முறை ஜெயிப்பான் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சோதித்து முத்திரை ஒட்டிய சிப்புகள் அங்கேதான் இருக்கும். அந்த அறைக்குள் போனவன் எந்த மெஷினை வேண்டுமானாலும் தன் சொல்படி ஆட வைக்கலாம்.

"நீங்க சொன்னது இன்னும் என் காதுல விழல" என்றார் பிக்பாண்ட் மெதுவாக. "நாளைக்கு மூணு மணிக்கு விழும். அப்பதான் என் அறிக்கைய அனுப்பணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்க ஆணையம் கூடுது. உங்க சட்டப்படி நீங்களே அட்டைய ரத்து பண்ணிட்டீங்கன்னா எனக்கு உங்க பதிவே போதும். எங்க வேலையே அவ்வளவுதான், நீங்க எழுதின சட்டத்த நீங்க மதிக்கிறீங்களான்னு பாக்குறது. இல்லாட்டி 'அட்டை எங்கேன்னு தெரியல'ன்னு எழுதுவேன். கேசினோவ மூடச் சொல்லி நோட்டீஸ் வரும். அதுக்கப்புறம் அட்டை எங்கேன்னு யாராவது ஒருத்தர் சரியா கேப்பாங்க. கோர்ட்டுக்குப் போவாங்க. தோண்டச் சொல்லுவாங்க."

"நீங்க சொல்லுவீங்களா?"

"மாட்டேன். ஆனா சொல்றவங்க இருக்காங்க, அவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும்."

* * *

கேமரா அறையில் ரோசெல் தனியாக இருந்தாள். டெல்பினின் சித்தி மகள். நாற்பது திரைகளுக்கு முன்னால் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேயப் பாத்தவ மாதிரி வர்ற?" என்றாள். பிறகு டெல்பினின் முகத்தைச் சரியாகப் பார்த்து விதைப் பொட்டலத்தைச் சுருட்டிவைத்தாள்.

"போன வெள்ளிக்கிழமை. பதினோரு மணி. சிப் அறைக் கதவு."

"அது நாளைக்குக் காலைல அழிஞ்சிரும். ஏழு நாள்தான் தங்கும், தெரியுமில்ல?"

"தெரியும். அதான் இன்னிக்குக் கேக்குறேன்."

திரையில் வெறும் நடைபாதை தெரிந்தது. சாம்பல் நிறக் கதவு. கீழே ஆட்டக்கூடத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இருந்திருக்கும், ஆனால் இந்தப் படத்துக்கு ஓசை கிடையாது. மணி பத்து ஐம்பத்தொன்பது. ஒரு மனிதர் வந்தார். அவசரமே இல்லை. கறுப்புத் தொப்பி, இரண்டு பின்னல் சடை, இடது காலை லேசாக இழுத்து நடக்கும் நடை. கதவின் முன் நின்று சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போவதற்கு முன் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். யாரோ பெரியவர் முன்னால் நிற்பதுபோல் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே போனார்.

ரோசெல் படத்தை நிறுத்தியிருந்தாள்.

அவர் ஆர்லன். டெல்பினின் தாய்மாமன். ஆணையத்தின் தலைவர். அண்ணனின் சவப்பெட்டியை மூடுமுன் கடைசியாகக் குனிந்து அவன் சட்டையை நீவிச் சரிசெய்தவர். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இன்னிலேர்ந்து ஒரு வருஷம். யாரும் கூப்பிடாதீங்க. போகட்டும்" என்று சொன்னவரும் அவர்தான்.

"ஒளிஞ்சுக்கக்கூட இல்லையே" என்றாள் ரோசெல்.

"எதுக்கு ஒளியணும்? பாக்குறது நாமதான. நாம வாயத் திறக்கமாட்டோம்னு அவருக்குத் தெரியும்."

"ஒரு நகல் எடுத்துரட்டுமா?" என்று ரோசெல் தானாகவே கேட்டாள். அடுத்த கணமே தலையை ஆட்டினாள். "முடியாது. நகலுக்குத் தலைவர் கையெழுத்து வேணும். இல்லாம எடுத்தா மெஷின் அவருக்குத்தான் தகவல் அனுப்பும்."

"வாஷிங்டன்காரர் கேட்டா?"

"மேலிடத்துக் கடிதம் வரணும். மூணு நாள். ஞாயித்துக்கிழமை நடைபாதையத்தான் பாப்பாரு அந்தாளு."

டெல்பினுக்கு விதிகள் மனப்பாடம். இன்னொரு வழி இருந்தது. லைசென்ஸ் ரத்துக்காகப் பெயர் முதல்முறை படிக்கப்பட்ட நொடியில் அந்த அட்டை தொடர்பான எல்லாப் படங்களும் பூட்டப்பட வேண்டும், ஒருவராலும் அழிக்க முடியாது. படிக்க வேண்டியது லைசென்ஸ் பிரிவின் ஆய்வாளர். அதாவது அவள். நாளை பத்து மணிக்கு மேல், பதினோரு மணிக்குள்.

ரோசெலும் அதையே நினைத்திருக்க வேண்டும். "நீ படிக்கப்போறியா?" என்றாள். டெல்பின் வெளியே வந்தாள். கதவு சாத்துமுன், "அடியே, எனக்குக் கேக்கவேணாம், நான் காதப் பொத்திக்குவேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

* * *

நாலு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அவளுடைய கார்மேல் சாய்ந்துகொண்டு ஆர்லன் நின்றிருந்தார். வெயில் பளீரென்று அடித்தது. ஆற்றிலிருந்து வந்த காற்று காலிக் கோப்பைகளைத் தார்த்தரையில் உருட்டிக்கொண்டிருந்தது.

"டெல்பின் கண்ணு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மாமா."

"உங்கம்மா நேத்து கெழங்கு தோண்டப் போனாளாமே. இந்த வருஷம் நல்லா விளைஞ்சிருக்கா?"

"நல்லா இருக்காம்."

அவர் தலையாட்டினார். கண்கள் சிரித்தன. சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்த மாமா. வாஷிங்டன்காரர்களின் முன்னால் எழுந்து நின்று பேசினால் அவர்களே குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"கேமரா ரூமுக்குப் போனியாமே" என்றார்.

அவள் கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"பாத்துட்டே. சரி. நீ பாப்பேன்னு எனக்குத் தெரியும். உங்க குடும்பமே அப்படித்தான், பாத்தா பாத்ததோட விடமாட்டீங்க." அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மடிப்பைப் பிரித்தார். "நான் ஒன்ன மாட்டிவிட மாட்டேன். இதுல ஒரே ஒரு வரிதான் இருக்கு. அட்டைய நீ பெட்டகத்துல வைக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போனே, அது தொலைஞ்சுபோச்சு, எவன் எடுத்தான்னு தெரியாது. அவ்வளவுதான். கையெழுத்துப் போடு. ஒன் லைசென்ஸ் போகும். வேலை போகும். நான் வேற வேலை பாத்துத் தர்றேன். கல்லறைய யாரும் தோண்டமாட்டாங்க. பேர யாரும் சொல்லவேணாம். விருந்து வரைக்கும் அவன் நிம்மதியா போய்க்கிட்டே இருப்பான்."

"அவங்க பையிலேர்ந்து எடுத்தீங்களே மாமா."

"அவனுக்கு அங்க எதுக்கு அது?"

கோபமில்லாமல், யாரோ கேட்ட வழியைச் சொல்வதுபோல் சொன்னார்.

"எதுக்காக மாமா? உங்களுக்கு என்ன கொறைச்சல்?"

ஆர்லன் கேசினோவின் பக்கம் பார்த்தார். மலைச்சரிவின் அடியில் அந்தக் கட்டடம் மாடியில் மட்டும் ஒரு வரிசை ஜன்னலோடு உட்கார்ந்திருந்தது. "அவனும் இதே கேள்வியத்தான் என்கிட்ட கேட்டான்" என்றார். "இதே வார்த்தைதான். செப்டம்பர்ல."

காற்று ஒரு கணம் நின்று மறுபடி அடித்தது. அவர் தாளை நாலாக மடித்து அவள் கைப்பையின் வெளிப்பைக்குள் தாமாகவே செருகினார். அவள் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்துத் தன் பிக்கப் வண்டிக்கு நடந்தார்.

* * *

அன்று மாலை அம்மாவின் வீட்டில் மேசைமேல் செய்தித்தாள் விரித்துக் கசப்புக் கிழங்கு குவிந்திருந்தது. அம்மா வெர்னா ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை உருவிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெள்ளையாய், விரல் எலும்புபோல் கிழங்குகள் கிண்ணத்தில் விழுந்தன. டெல்பின் எதிரில் உட்கார்ந்து தானும் உரித்தாள்.

நடந்ததை அவள் சுற்றி வளைத்துச் சொன்னாள். ஆர்லனின் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவின் சொந்தத் தம்பியைப் பற்றி அவளிடமே சொல்ல நாக்கு எழவில்லை. 'யாரோ ஒருத்தர்' அவங்க அட்டையைப் பயன்படுத்துகிறார் என்றாள். நாளைக்குக் கூட்டத்தில் தான் அவங்க பெயரைப் படிக்க வேண்டியிருக்கும் என்றாள். படிக்காவிட்டால் கல்லறையைத் தோண்டலாம், அல்லது தன் வேலை போகலாம் என்றாள்.

வெர்னாவின் கை நிற்கவில்லை. இரண்டு கிழங்கு, மூன்று கிழங்கு.

"வேலை போனா போகட்டும்" என்றாள் கடைசியில். "நீ பொறந்தப்ப ஒனக்கு வேலையா இருந்துச்சு?"

"அம்மா, அவங்க பேர வெச்சு ஒருத்தர் தப்பு பண்றாரு. ஊர் முழுக்க நாளைக்கு அவங்கதான் பண்ணினாங்கன்னு சொல்லும்."

"சொல்ல முடியாதே. பேர யாரும் சொல்லக்கூடாதே."

"சொல்லாமலே சொல்லுவாங்க."

வெர்னா ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அவன் பாதி தூரம் போயிருப்பான்" என்றாள். "நீ அவனத் திரும்பிப் பாக்க வெச்சேன்னா, நான் ஒன்னத் திரும்பிப் பாக்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்லுவேன். உப்பு எடு."

டெல்பின் உப்பை எடுத்து வைத்தாள்.

* * *

ஆட்டக்கூடத்தில் எங்கும் கடிகாரம் கிடையாது. ஆணையத்தின் கூட்ட அறையில் ஒன்று உண்டு. பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டத்தை ஆர்லன் பத்து இருபதுக்குத் தொடங்கினார், பிரார்த்தனையைப் பொறுமையாகச் செய்தார், போன கூட்டத்தின் குறிப்பை வரி வரியாகப் படிக்கச் சொன்னார். மேசையில் அவருக்கு இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் பிக்பாண்ட் குடுவையோடு உட்கார்ந்திருந்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நாற்பதுக்கு அறையின் பின்கதவு திறந்தது. வெர்னா வந்தாள். யாரிடமும் பேசவில்லை. கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைத் தூக்கிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஆர்லன் அதைப் பார்த்தார். ஒரு நொடி அவர் இமை துடித்ததை டெல்பின் கவனித்தாள்.

"லைசென்ஸ் விஷயங்கள்" என்று ஆர்லன் தாளைப் புரட்டினார். "ஒன்னும் அவசரமா இல்ல. இத அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம்னு நெனைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை..."

"ஒரு ரத்து இருக்கு தலைவரே" என்றாள் டெல்பின். எழுந்து நின்றாள். மாமா மடித்துக் கொடுத்த தாள் அவள் கையில் இருந்தது. அதைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்தாள். "அட்டை எண் 0417."

"டெல்பின்." அவர் குரல் மென்மையாக இருந்தது. "கண்ணு, யோசிச்சுப் பாரு. அம்மா உக்காந்திருக்கா."

பத்து நாற்பத்தாறு. அவள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முதுகைப் பார்த்தாள். பழைய பச்சைச் சால்வை, கழுத்தில் நரைத்த முடிச்சு. ஏழு மாதமாக நாக்கின் அடியில் கல்போலக் கிடந்த இரண்டு சொற்களை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது.

"லிண்டன் ஹோல்ட்" என்றாள்.

அறையில் இருந்த உறுப்பினர்களில் ஒருவர் மூச்சை இழுத்தது டேப்பில்கூடப் பதிவாகியிருக்கும். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். பச்சைச் சால்வை அசையவில்லை. இரண்டு அறைகள் தள்ளி, ஓசையில்லாத திரையில் அவள் உதடசைவைப் பார்த்து ரோசெல் பொத்தானை அழுத்தியிருப்பாள், படம் பூட்டப்பட்டிருக்கும். விதிப்படி முதல் பெயர் படித்துவிட்டால் மூன்றும் முடியும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம், உரியவர் யாராவது இருந்தால் பேசுவதற்காக.

அந்த ஒரு நிமிடத்தில் டெல்பினின் பின்கழுத்தில் குளிர் ஏறியது. தனக்குப் பின்னால் வெகு தொலைவில், ஏதோ ஒரு மேட்டில், ஒருவன் நடையை நிறுத்திவிட்டான் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"லிண்டன் ஹோல்ட்."

"நீ கூப்பிட்டுட்டே" என்றார் ஆர்லன். சத்தமில்லாமல் சொன்னார், அவளுக்கு மட்டும் சொல்வதுபோல். "ஒன் வீட்டுக்குத்தான் வருவான். ஒன் பிள்ளைங்க தூங்குற ரூமுக்கு."

"டேப் ஓடுது தலைவரே" என்றார் பிக்பாண்ட் ஓரத்திலிருந்து. தன் காபியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கடிகார முள் சுற்றிவந்தது.

"லிண்டன் ஹோல்ட். இந்த லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது. அட்டை யாரிடம் இருக்கிறதோ அவர் அதை மேசைமேல் வைக்க வேண்டும்."

பிறகு நாற்காலியின் கால்கள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. வெர்னா எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் மகளைப் பார்க்கவில்லை.

"ஆர்லன்" என்றாள். "பொட்டிய மூடுறதுக்கு முன்னாடி நீ என் பையன் சட்டைப்பையத் தொட்டே. சட்டையச் சரிபண்றேன்னு நெனச்சேன். ஒன் கை உள்ள போயிட்டு வெளிய வந்துச்சு. நான் பாத்தேன். ஏழு மாசமா அதையே பாத்துட்டிருக்கேன். அவன் பேரச் சொல்லாம அத எப்படிச் சொல்றது? யார்கிட்ட சொல்றது? ஒன்கிட்டதான சொல்லணும், நீதான தலைவரு."

"அக்கா" என்றார் ஆர்லன்.

"வை."

அவர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, அலுங்காமல் மேசைமேல் வைத்தார். அதில் லிண்டன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆர்லன் தொப்பியை மாட்டிக்கொண்டார். இருபுறமும் இருந்த உறுப்பினர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து வழிவிட்டார்கள், தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பிக்பாண்ட் குடுவையை மூடினார். கைக்குட்டையை எடுத்து, அதைக்கொண்டு அட்டையைப் பிடித்து ஒரு உறைக்குள் போட்டார். பிறகு வெர்னாவின் பக்கம் திரும்பி, மரியாதையாக எழுந்து நின்றார்.

"அம்மா, இது என் வேலை இல்ல. மெஷினும் லைசென்ஸும்தான் என் வேலை. ஆனாலும் கேக்குறேன். உங்க பையன் ஆத்துல விழுந்த அன்னிக்கு அந்த மேடையில அவர்கூட யாரு இருந்தாங்க?"

வெர்னா மகளைப் பார்த்தாள். முந்தின நாள் மாலைக்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஒருத்தன்தான் இருந்தான்" என்றாள். "கத்திக்கிட்டே ஓடி வந்து எங்களுக்குச் சொன்னதும் அவன்தான். இப்ப வெளிய போனானே, அவன்தான்."

டெல்பின் ஜன்னலருகே போனாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஆர்லனின் பிக்கப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைப் பக்கமும் போகவில்லை, ஆற்றுப் பக்கமும் போகவில்லை. ஆணையத்தின் ஒரே வாசலுக்கு நேர் எதிரே அதைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் தொப்பியின் நிழல் மட்டும் தெரிந்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்மேல் இருந்தன. அவர்கள் வெளியே வருவதற்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.